ஜூரி விடுவித்த பிறகும் ஒப்படைப்பு: ராணா வழக்கில் ஆட்கொணர்வு மனு ஏன் எடுபடவில்லை?

2011 ஜூன் 9 அன்று சிகாகோ ஜூரி, மும்பைத் தாக்குதலுக்கு உதவச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து தஹாவூர் ராணாவை விடுவித்தது. 2025 ஏப்ரல் 10 அன்று அதே தாக்குதல் தொடர்பான வழக்கைச் சந்திக்க அவர் டெல்லியில் விமானத்திலிருந்து இறக்கப்பட்டார். இரண்டு இடத்திலும் முக்கியச் சாட்சி ஒருவரே: டேவிட் கோல்மன் ஹெட்லி, அப்ரூவராக மாறியவர். ஜூரியின் பன்னிரண்டு பேர் கேட்டுவிட்டு ‘மும்பை விஷயத்தில் இது போதாது’ என்று ஒதுக்கிய சாட்சியம், கலிஃபோர்னியாவில் மூன்று அடுக்கு நீதிமன்றங்களுக்கு எப்படிப் போதுமானதாயிற்று? சாட்சியம் மாறவில்லை. நீதிமன்றம் தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்விதான் மாறியது. ஆட்கொணர்வு மனுவில் (ஒருவரைக் காவலில் வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று கேட்கும் மனு) சாட்சியத்தின் போதாமையை வாதிட நினைக்கும் யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. நம் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் ‘நாடு கடத்தல்’ என்றே எழுதுகின்றன. விசா முடிந்தவரைத் திருப்பி அனுப்புவதும் நாடு கடத்தல், ராணாவைக் கொண்டுவந்ததும் நாடு கடத்தல். முன்னது குடியேற்றத் துறையின் வேலை. பின்னது ஒப்பந்தத்தின்கீழ் ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் குற்றம் சாட்டப்பட்டவரைக் கையளிப்பது. இரண்டுக்கும் சட்டம் வேறு, தடுக்கும் வழியும் வேறு. இங்கே பின்னதை ‘ஒப்படைப்பு’ என்றே சொல்வோம்.

வழக்கின் பின்னணி

ராணா பாகிஸ்தானில் பிறந்த கனடா குடிமகன். சிகாகோவில் குடியேற்ற ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். ஹெட்லி அவருடைய பள்ளித்தோழர். 2006 முதல் ஹெட்லி மும்பைக்குப் பலமுறை வந்து, பின்னர் தாக்கப்பட்ட இடங்களை வேவு பார்த்தார். அதற்குப் போர்வையாக இருந்தது ராணாவின் நிறுவனத்தின் மும்பைக் கிளை. 2008 நவம்பர் 26 முதல் 29 வரை நடந்த தாக்குதலில் 166 பேர் இறந்தனர். 2009 அக்டோபரில் இருவரும் சிகாகோவில் கைதானார்கள். ஹெட்லி 2010 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தன்னை இந்தியாவிடம் ஒப்படைக்கக் கூடாது என்ற உடன்பாட்டோடு அரசுத் தரப்புச் சாட்சியானார்.

ராணாவை ஜூரி முழுமையாக விடுவித்துவிடவில்லை. லஷ்கர்-ஏ-தொய்பாவுக்கு உதவியது, டென்மார்க் பத்திரிகை அலுவலகத்தைத் தாக்கும் சதிக்கு உதவியது ஆகிய இரண்டிலும் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2013-இல் 14 ஆண்டு சிறைத் தண்டனை. 2020 ஜூனில் கொரோனா காலத்தில் உடல்நிலை காரணமாக விடுவிக்க உத்தரவான கையோடு, இந்தியாவின் கோரிக்கைப்படி ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் மீண்டும் கைது.

மாஜிஸ்திரேட் முன்னால் நடப்பது

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 18-ஆம் தலைப்பு, 3184-ஆம் பிரிவுதான் வாசல். சத்தியப்பிரமாணத்துடன் புகார், வாரண்ட், பிறகு விசாரணை. நீதிபதி பார்க்க வேண்டியவை இவை: தனக்கு அதிகாரம் உண்டா, ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறதா, எதிரில் நிற்பவர் தேடப்படும் அதே ஆள்தானா, குற்றம் ஒப்பந்தத்துக்குள் அடங்குகிறதா, ஒவ்வொரு குற்றத்துக்கும் நம்பத்தகுந்த முகாந்திரம் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றால் வெளியுறவுச் செயலருக்குச் சான்றளிப்பார். ஒப்படைக்கும் இறுதி முடிவு செயலருடையது. நீதிபதி வாசலைத் திறந்துவிடுகிறார், அவ்வளவே.

1997 ஜூன் 25-இல் கையெழுத்தாகி 1999 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய–அமெரிக்க ஒப்பந்தத்தின் 9-ஆம் விதி, கோரும் நாடு அனுப்ப வேண்டிய தாள்களைச் சொல்கிறது: கைது வாரண்டின் நகல், குற்றப்பத்திரிகையின் நகல், அந்தக் குற்றம் அமெரிக்காவில் நடந்திருந்தால் ஆளை விசாரணைக்கு அனுப்பப் போதுமான அளவு தகவல். ‘தகவல்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சாட்சிகள் கூண்டேற வேண்டியதில்லை. அமெரிக்கச் சாட்சிய விதிகள் இந்த விசாரணைக்குப் பொருந்தாது. செவிவழிச் செய்தி போதும். காவல்துறை அதிகாரி ‘சாட்சி என்னிடம் இப்படிச் சொன்னார்’ என்று எழுதிய பிரமாணப் பத்திரமும் போதும். இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரக அதிகாரி சான்றிட்டால் தாள்கள் ஏற்கப்படும். சான்று முத்திரையில் குறை கண்டுபிடித்து வாதிடுவோர் இப்போதும் உண்டு. அதனால் கிடைப்பது அதிகபட்சம் சில வாரத் தாமதம். அரசு சரியான முத்திரையோடு மறுபடி தாக்கல் செய்துவிடும்.

உண்மையான சண்டை இன்னொரு இடத்தில் இருக்கிறது: எதிர்த்தரப்பு என்ன சாட்சியம் கொண்டுவரலாம்? முகாந்திரத்தை விளக்கித் தகர்க்கும் சாட்சியம் உள்ளே வரும். அரசுச் சாட்சியத்தை வெறுமனே மறுக்கும் சாட்சியம் வராது. இந்தக் கோட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1913-இல் சார்ல்டன் வழக்கில் போட்டது, 1922-இல் காலின்ஸ் வழக்கில் உறுதிசெய்தது. (காலின்ஸ் வழக்குக்கும் நம் ஊருக்கும் தொடர்புண்டு: பம்பாயில் முத்து நகை வாங்கி ஏமாற்றியதாக அவரைக் கோரியது பிரிட்டிஷ் இந்தியா, பிடிபட்டது நியூ ஆர்லியன்ஸில்.) ‘அன்று நான் அந்த ஊரிலேயே இல்லை, இதோ என் சாட்சிகள்’ என்பது மறுப்பு, அதை உண்மை விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம். ‘வாக்குமூலத்தில் இருக்கும் பெயர் என்னுடையதல்ல, அடையாள அணிவகுப்பின் குறிப்பே அதைக் காட்டுகிறது’ என்பது விளக்கம்.

கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. சாட்சி பின்னால் பிறழ்ந்து, ‘நான் முதலில் சொன்னது பொய்’ என்றால் அது மறுப்பா விளக்கமா? 2016-இல் ஒன்பதாவது சர்க்யூட்டின் (கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) முழு அமர்வு சாண்டோஸ் வழக்கில் இதைப் பிரித்தது. வெறும் பிறழ்சாட்சி மறுப்பு மட்டுமே. ஆனால் முதல் வாக்குமூலமே சித்திரவதையால் வாங்கப்பட்டது என்பதற்கான சாட்சியம் விளக்கம். நீதிபதி அதைப் பார்த்தாக வேண்டும், அடித்து வாங்கிய வாக்குமூலம் முகாந்திரமாகாது. இன்று சாட்சியத்தின்மேல் தொடுக்கக்கூடிய தாக்குதல்களில் பலமானது இதுதான். இரண்டும் கலந்திருக்கிற மனுவில், சித்திரவதை பற்றிய பகுதியைத் தனிப் பிரமாணப் பத்திரமாகப் பிரித்துப் போடுவது அவசியம். கலந்தே போட்டால் ‘எல்லாம் மறுப்பு’ என்று மொத்தமாக ஒதுக்கப்படும் ஆபத்து இருக்கிறது.

மேல்முறையீடு இல்லை

மாஜிஸ்திரேட் சான்றளித்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு நேரடி மேல்முறையீடு கிடையாது. சான்றளிக்க மறுத்தால் அரசுக்கும் கிடையாது. ஆனால் இந்தச் சமநிலை காகிதத்தில்தான். மறுக்கப்பட்ட அரசு, கூடுதல் ஆவணத்தோடு வேறொரு நீதிபதியிடம் புதிதாகப் புகார் கொடுக்கலாம். 1923-இல் காலின்ஸின் இரண்டாவது வழக்கிலேயே இது முடிவாகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மிஞ்சுவது 28-ஆம் தலைப்பு, 2241-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. எதிர்மனுதாரர், அவரைக் காவலில் வைத்திருக்கும் அதிகாரி. ஒன்பதாவது சர்க்யூட்டின் தீர்ப்பு ‘ராணா எதிர் ஜென்கின்ஸ்’ என்று இருப்பதும், தலைப்பில் இந்தியாவின் பெயர் இல்லாமலிருப்பதும் அதனால்தான்.

அந்த மனுவில் எதைக் கேட்கலாம்? 1925-இல் ஃபெர்னாண்டஸ் எதிர் ஃபிலிப்ஸ் வழக்கில் நீதிபதி ஹோம்ஸ் எழுதியது இன்றும் நடைமுறை. மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருந்ததா, குற்றம் ஒப்பந்தத்துக்குள் வருகிறதா, சற்றுத் தாராளமாக நீட்டிச் சொன்னால், குற்றம் செய்திருக்கலாம் என்று நம்ப ‘ஏதேனும்’ சாட்சியம் இருந்ததா. சாட்சியத்தின் போதாமை பற்றிய முழு வாதமும் அந்த ‘ஏதேனும்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும்.

படிகளாகப் பார்த்தால் இறக்கம் தெரியும். தண்டனைக்கு, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம். சான்றளிப்புக்கு, முகாந்திரம். ஆட்கொணர்வு மனுவில் மாஜிஸ்திரேட் கண்ட முகாந்திரத்தைத் தாங்க, தகுதியுள்ள ஏதேனும் ஒரு சாட்சியம். மனு போடுபவர் மூன்றாவது படியில் நின்றுகொண்டு முதல் படிக்கான வாதத்தைச் செய்தால் தீர்ப்பு இரண்டு பத்தியில் முடிந்துவிடும். ஆட்கொணர்வு மனுக்களில் அதிகம் காணும் தவறு இது.

ராணா தரப்பின் வாதமும் பதிலும்

2023 மே 16 அன்று மாஜிஸ்திரேட் ஜாக்குலின் சூல்ஜியன் சான்றளித்தார். ஆகஸ்ட் 10 அன்று மாவட்ட நீதிபதி டேல் ஃபிஷர் ஆட்கொணர்வு மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 ஆகஸ்ட் 15 அன்று ஒன்பதாவது சர்க்யூட் அதை உறுதிசெய்தது. மனுவில் இரண்டு தூண்கள் இருந்தன.

முதலாவது, ஒப்பந்தத்தின் 6-ஆம் விதி. ஒருவர் எந்தக் குற்றத்துக்காகக் கோரப்படுகிறாரோ அந்தக் ‘குற்றத்தில்’ அமெரிக்காவில் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டோ தண்டிக்கப்பட்டோ இருந்தால் ஒப்படைக்கக் கூடாது. ‘குற்றம்’ என்பது நடந்த செயலைக் குறிக்கும் என்றது ராணா தரப்பு. குற்றச்சாட்டைக் குறிக்கும், அதன் கூறுகளை ஒப்பிட்டே முடிவுசெய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். இந்தியா வைத்த போர் தொடுத்தல், கொலை, மோசடிக்காகப் போலி ஆவணம் முதலிய குற்றங்களுக்குத் தனிக் கூறுகள் உண்டு. சிகாகோ குற்றச்சாட்டுகளின் கூறுகள் வேறு. இந்த வாதம் கடைசிவரை உயிரோடிருந்தது, சட்டப் பிரச்சினை என்பதால் மேல் நீதிமன்றம் அதைப் புதிதாகவே பரிசீலித்தது.

இரண்டாவது தூண்தான் நமக்கு முக்கியம். ஹெட்லியை நம்ப முடியாது: போதைப்பொருள் வழக்குகளில் ஏற்கெனவே அரசுக்குத் தகவலாளியாக இருந்தவர், தன் தண்டனையைக் குறைக்கப் பேசியவர், ஜூரியே மும்பை விஷயத்தில் ஏற்கவில்லை, ஆகவே முகாந்திரமே இல்லை என்பது வாதம். கேட்பதற்கு வலுவானது. ஆனால் ஆட்கொணர்வு மனுவில் மூன்று இடங்களில் முறிகிறது.

நம்பகத்தன்மையை எடைபோடுவது மாஜிஸ்திரேட்டின் வேலை. ஆட்கொணர்வு நீதிமன்றம் தராசைத் திரும்பத் தூக்காது. அடுத்து, உடந்தையாளரின் சாட்சியம் முகாந்திரத்துக்குப் போதும் என்பது அமெரிக்காவில் நீண்டகால நிலைப்பாடு. தான் லஷ்கருக்காக வேலை செய்வதையும், நிறுவனத்தின் பெயரைப் போர்வையாகக் கொள்வதையும் ராணாவிடம் சொன்னதாக ஹெட்லி சாட்சியம் அளித்திருந்தார். அதோடு பொருந்திப்போக, 2009 செப்டம்பரில் பதிவான உரையாடல் இருந்தது. தாக்குதலின்போது கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளுக்கு பாகிஸ்தானின் மிக உயர்ந்த ராணுவ விருதான நிஷான்-ஏ-ஹைதர் தர வேண்டும் என்று ராணா சொன்னதாக அமெரிக்க அரசு காட்டியது அதிலிருந்துதான். ஹெட்லியின் விசா விண்ணப்பமும், மும்பைக் கிளைக்காக ரிசர்வ் வங்கிக்குப் போன தாள்களும் தனி. ‘ஏதேனும்’ என்ற சொல்லை நிரப்ப இதில் பாதியே மிகுதி.

மூன்றாவது, விடுதலைத் தீர்ப்பின் பொருள். ‘சந்தேகத்துக்கு அப்பால் நிரூபணமாகவில்லை’ என்பதற்குமேல் அது எதுவும் சொல்லாது. முகாந்திரம் இல்லை என்று சொல்லவே சொல்லாது. இங்கே ராணா தரப்புக்கு இன்னொரு சங்கடமும் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஹெட்லியை முக்கியச் சாட்சியாகக் கொண்ட அதே விசாரணையில், அதே ஜூரி, வேறு இரண்டு குற்றங்களில் தண்டித்திருக்கிறது. ‘ஜூரி ஹெட்லியை நம்பவில்லை’ என்பது பாதி உண்மை. விடுதலைத் தீர்ப்பை ஆயுதமாக எடுத்தால், தண்டனைத் தீர்ப்பும் கூடவே வந்து நிற்கும்.

எது எடுபட்டிருக்கும்?

சாட்சியம் பற்றிய சவால் எப்போதுமே வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஜெயித்த இடங்களும் உண்டு. பெரும்பாலும் மாஜிஸ்திரேட் முன்னால். இந்தியா கோரிய குல்பீர் சிங் பராபிந்த் வழக்கில் 11 சம்பவங்களைப் பற்றிய குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒப்படைப்பு நீதிமன்றம் 2001-இல் மூன்றுக்கு மட்டுமே அனுமதி கொடுத்தது. மற்றவற்றில் சில அரசியல் குற்ற விதிவிலக்கில் விழுந்தன, சில முகாந்திரமின்றி விழுந்தன. ஒவ்வொரு குற்றமாகப் பிரித்துத் தாக்கினால் இப்படிக் குறைக்க முடியும்.

குறைப்பது வீண் வேலை இல்லை. எந்தக் குற்றங்களுக்காக ஒப்படைக்கப்பட்டாரோ அவற்றுக்காக மட்டுமே கோரிய நாடு விசாரிக்கலாம் என்பது ஒப்பந்தத்தின் விதி. இந்தியாவின் ஒப்படைப்புச் சட்டமும் 21-ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. ஆகவே வழக்கறிஞரின் முதல் நாள் வேலை ஓர் அட்டவணை போடுவது: இடப்பக்கம் கோரப்பட்ட ஒவ்வொரு குற்றமும், அடுத்து அதன் ஒவ்வொரு கூறும், அடுத்து அந்தக் கூறைத் தாங்கும் சாட்சியம் எந்தத் தாளில் எந்தப் பக்கத்தில் என்பது. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் கூறுதான் ஆட்கொணர்வு மனுவின் உயிர். ‘சாட்சியம் பலவீனம்’ என்ற வாதம் தோற்கும் இடத்தில் ‘இந்தக் கூறுக்குச் சாட்சியமே இல்லை’ என்ற வாதம் நிற்கும். பெரும்பாலும் காலியாக இருப்பது மனநிலை பற்றிய கூறு: அறிந்திருந்தார், நோக்கம் கொண்டிருந்தார் என்பது. கோரும் நாட்டின் பிரமாணப் பத்திரங்கள் செயலை விரிவாக விவரித்துவிட்டு, ‘தெரிந்தே செய்தார்’ என்ற முடிவுச் சொல்லை மட்டும் ஒட்டிவைத்திருக்கும். வெறும் முடிவுச் சொல் சாட்சியம் ஆகாது.

மாஜிஸ்திரேட் முன் வைக்காத ஆவணத்தை ஆட்கொணர்வு மனுவில் புதிதாக நுழைப்பது மிகக் கடினம்; பரிசீலனை அங்கே உருவான பதிவின் மேல்தான் நடக்கும். சித்திரவதை பற்றிய மருத்துவ அறிக்கை, கோரும் நாட்டு நீதிமன்றத்தில் அதே சாட்சி சொன்னதன் சான்றிட்ட நகல், மொழிபெயர்ப்புப் பிழையைக் காட்டும் மூல ஆவணம், இவையெல்லாம் முதல் கட்டத்திலேயே போக வேண்டும். ஏற்க மறுத்தால் மறுத்ததையும் காரணத்தையும் பதிவில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். விளக்கச் சாட்சியத்தைத் தவறாக ஒதுக்கினார் என்பது சட்டப் பிழை. சாட்சியத்தை எடைபோட்டது தவறு என்பதைவிட அது ஆட்கொணர்வு நீதிமன்றத்தில் பல மடங்கு கனமானது. சாண்டோஸ் ஜெயித்ததும் அந்த வழியில்தான்.

நாட்கணக்கு

ஆட்கொணர்வு மனு போட்டாலே ஒப்படைப்பு தானாக நிற்காது. தனியாக இடைக்காலத் தடை கேட்க வேண்டும். வெற்றிவாய்ப்பு, ஈடுசெய்ய முடியாத இழப்பு, எதிர்த்தரப்புக்கு ஏற்படும் பாதிப்பு, பொதுநலன் என நான்கையும் காட்ட வேண்டும். சான்றளித்த நாளிலேயே மனுவும் தடை விண்ணப்பமும் தயாராக இருப்பது பாதுகாப்பு. மாவட்ட நீதிமன்றம் தள்ளினால் 60 நாளில் மேல்முறையீடு. அதற்கும் தனித் தடை வேண்டும். ராணாவுக்கு 2023 ஆகஸ்டில் அப்படித் தடை கிடைத்ததால்தான் வழக்கு மேலும் ஒன்றரை ஆண்டு ஓடியது. காவலுக்கு அனுப்பி இரண்டு மாதத்தில் ஒப்படைக்காவிட்டால் விடுவிக்கக் கேட்கலாம் என்று 3188-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தானே தொடுத்த வழக்கால் போன காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்க நீதிமன்றங்கள் பொதுவாக விடுவதில்லை. இத்தனை ஆண்டும் பிணை கிடைப்பது அரிது. 1903-இல் வந்த ரைட் எதிர் ஹென்கல் தீர்ப்பிலிருந்து ‘சிறப்புச் சூழ்நிலை’ காட்ட வேண்டும். ராணாவுக்குக் கிடைக்கவில்லை.

2025 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. பிப்ரவரியில் வெளியுறவுச் செயலர் ஒப்படைக்க முடிவுசெய்ததும், சித்திரவதைக்கு ஆளாகலாம் என்ற வேறு காரணத்தில் புது ஆட்கொணர்வு மனு. அதில் கேட்ட அவசரத் தடையை உச்ச நீதிமன்ற நீதிபதி ககன் மார்ச் 6-இல் மறுத்தார். முழு நீதிமன்றம் ஏப்ரல் 7-இல் மறுத்தது. மூன்றே நாளில் டெல்லி.

இதே கேள்வியைப் பிற நாடுகள் வேறு விதமாகக் கேட்கின்றன. கனடாவில் 2006-இன் ஃபெராஸ் தீர்ப்புக்குப் பிறகு, வெளிப்படையாகவே நம்பத்தகாத சாட்சியத்தின்மேல் ஒப்படைக்க நீதிபதி மறுக்கலாம். ஹெட்லியைப் பற்றிய வாதத்துக்கு அங்கே இன்னும் சற்று இடம் இருந்திருக்கும். பிரிட்டனில் 2003 சட்டம் பல நாடுகளுக்கு முதல்நோக்குச் சாட்சியம் காட்டும் தேவையையே எடுத்துவிட்டது. இந்தியாவிலிருந்து பிறநாடு ஒருவரைக் கோரினால் 1962 சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் முதல்நோக்கு முகாந்திரம் பார்ப்பார். எதிர்க்க உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். அந்தக் கட்டத்தில் சாட்சியச் சட்டத்தின்படி நிரூபிக்க வேண்டியதில்லை என்று சரப்ஜித் ரிக் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ராணா ஒப்படைக்கப்பட்டது 10 குற்றச்சாட்டுகளுக்காக. ஆட்கொணர்வு நீதிமன்றங்கள் எடைபோட மறுத்த கேள்வி, அதாவது ஹெட்லியை எவ்வளவு நம்பலாம் என்பது, இனி டெல்லியின் என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) சிறப்பு நீதிமன்றத்துக்குரியது. உடந்தையாளரின் சாட்சியத்தை வேறு சாட்சியம் தாங்காவிட்டால் நம்பத்தகாததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவே எடுத்துக்காட்டோடு சொல்கிறது. ஹெட்லி இருப்பது அமெரிக்கச் சிறையில். 2016 பிப்ரவரியில் மும்பை நீதிமன்றத்துக்கு அவர் காணொளி வழியாகத்தான் சாட்சியம் அளித்தார்; ராணா தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்வதானாலும் அநேகமாக அதே வழியில்தான்.